இடதுகைக்காரன் நாற்காலி

"மேடம்… நீங்க என் நாற்காலியில உட்கார்ந்திருக்கீங்க."

லூவான் நிமிர்ந்து பார்த்தாள். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு ஆள். தொப்பியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவளுடைய புது நோட்டில் விழுந்தது. ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை, அதற்குள் முதல் பக்கம் நனைந்து போச்சு.

"உங்க பேரு எழுதியிருக்கா?"

"பேரு எழுதலை. எழுதற பலகை எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. இடது பக்கம். இந்த ரூம்ல இடதுகைக்காரனுக்குன்னு இருக்கறதே இது ஒண்ணுதான்."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உள்ளே வந்ததும் ஹீட்டருக்குப் பக்கத்தில் எந்த நாற்காலி என்று பார்த்து உட்கார்ந்தவள் அவள். பலகை கோணலாக இருக்கிறதே என்று தோன்றியது. இருக்கட்டும், கால் சூடாக இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

எழுந்து கொடுத்திருக்கலாம். பாதகமில்லை. ஆனால் முப்பது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அதில் பாதிப் பேருக்கு அவளுடைய வயதில் பாதிதான் இருக்கும்.

"சீக்கிரம் வந்திருக்கணும்," என்றாள்.

"காங்கிரீட் போட்டுட்டு வர்றேன். அது மணி பார்த்துக் காயாது."

"அப்ப அதுமேலயே உட்கார்ந்துக்குங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. ஆனால் கண்… மழைக்கு முன்னால் கடல் மேல் படிகிற சாம்பல் நிறக் கண். அது மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. லூவான் சட்டென்று குனிந்து நனைந்த பக்கத்தைத் துடைத்தாள். எட்டு வருஷத்துக்கு முன்னால், படகு வாங்கப் போன புருஷன் படகு விற்றவளோடு போய்விட்டான். அதற்கப்புறம் சிரிக்கிற கண் எதையும் அவள் நம்புவதில்லை. நம்பாதவள் கெட்டுப்போனதும் இல்லை.

மிச்சமிருந்தது அவளுக்கு இடது பக்கத்து நாற்காலி ஒன்றுதான். அவன் அதில் உட்கார்ந்தான். அப்போதுதான் வேடிக்கை ஆரம்பித்தது. அவனுடைய பலகை வலது பக்கம். கை இடது கை. எழுத வேண்டுமென்றால் உடம்பையே வலது பக்கமாகத் திருப்ப வேண்டும். அவளுடைய பலகை இடது பக்கம். கை வலது கை. அவளும் உடம்பை இடது பக்கமாகத் திருப்ப வேண்டும். வாத்தியார் ஒரு திசையில் நிற்க, இரண்டு பேரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்… பொண்ணு பார்க்க வந்த மாதிரி!

வாஷிங்டன் கடற்கரையில் ஆல்டர் பே என்கிற சின்ன ஊர். மேட்டில் ஒரு கல்லூரி. சனிக்கிழமை காலை எட்டு மணி வகுப்பு: ஆரம்ப அல்ஜீப்ரா. சேருகிற அன்றைக்கு ஒரு கம்ப்யூட்டர் இருபது கேள்வி கேட்டு, நீ அங்கே போய் உட்கார் என்று சொல்லிவிடும். பதினேழு வருஷம் முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கிப் படுக்கவைத்த லூவானை, நோயாளியைத் தொடத் தெரியுமா என்று அது கேட்கவில்லை. எக்ஸ் என்றால் எவ்வளவு என்று கேட்டது. நர்ஸ் படிப்பில் சேர இந்தக் கணக்கில் தேற வேண்டும். இரண்டு தடவை தோற்றாச்சு. மூன்றாவது தடவையும் போனால் இடம் கிடையாது.

அவன் பெயர் ஆர்னி நீமி. இருபத்தைந்து வருஷம் காங்கிரீட் போட்டு ஒரு தோள் போய்விட்டது. ஊர்க் குடிநீர் நிலையத்தில் ஒரு வேலை காலியாக இருந்தது. அதற்கும் இதே கணக்குச் சான்றிதழ்தான் வேண்டும், டிசம்பருக்குள். இதெல்லாம் நான்காவது வாரம் காபி மெஷின் முன்னால் தெரிந்தது.

"கல்யாணம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவை. சரியா கலக்கலை. விரிசல் விட்டுடுச்சு."

"எல்லாத்தையும் காங்கிரீட்டாவே பேசுவீங்களா?"

"தெரிஞ்சதைத்தானே பேச முடியும்? நீங்க பேசுங்க, கேக்கறேன்."

அவள் காபியை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு நடந்தாள். ஆனால் அன்றிலிருந்து ஒரு அரிப்பு. இந்த ஆள் எப்படிக் கணக்குப் போடுகிறான்? அவள் ஒரு பக்கம் முழுக்க வரிவரியாக எழுதுவாள். அவன் ஓரத்தில் ஒரு எண் எழுதுவான், அதை அடிப்பான், கூரையைப் பார்ப்பான், உதடு முணுமுணுக்கும், விடையை எழுதிப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். பாதிக்குமேல் சரியாக இருக்கும்! வழியை எழுதவில்லை என்று வாத்தியார் பிரெண்டிஸ் சிவப்பு மையில் கோடு கோடாக இழுப்பார்.

ஆறாவது வாரத்துக்குள் பத்துப் பேர் கழன்றுகொண்டார்கள். நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. அவள் மாறி உட்கார்ந்திருக்கலாம். அவனும் மாறியிருக்கலாம்… இரண்டு பேரும் மாறவில்லை.

எட்டாவது வாரம் பரீட்சை. அடுத்த திங்கட்கிழமையே பிரெண்டிஸ் இரண்டு பேரையும் தன் அறைக்கு வரச்சொன்னார். முதலில் லூவான். ஆர்னி வெளியே பெஞ்சில். கதவு அரைகுறையாகத் திறந்திருந்தது.

"ஏழாவது கேள்வி," என்றார் வாத்தியார். சின்ன வயசுக்காரர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தாளை நம்புகிற அளவுக்கு ஆளை நம்பாத ரகம். "ஒரு எண்ணின் மூணு மடங்கோட அதே எண்ணின் கால் பங்கைச் சேர்த்தா அம்பத்திரண்டு. அந்த எண் பதினாறு. வகுப்புல ரெண்டே பேர்தான் சரியா போட்டிருக்கீங்க. பக்கத்துப் பக்கத்துல. உங்க தாள்ல வழி முழுக்க இருக்கு. அவர் தாள்ல விடை மட்டும் இருக்கு. ஒரு மணி நேரமும் உங்க பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். நானே பார்த்தேன். உங்க தாளைப் பார்த்தாரா?"

இல்லை என்று சொன்னால், நீயும் கூட்டா என்பார். காப்பியடித்த விஷயம் கல்லூரி ஒழுங்குக் குழுவுக்குப் போனால் நர்ஸ் படிப்பு அதோடு சரி. பதினேழு வருஷம்…

"எனக்குத் தெரியாது சார்."

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. அவள் வந்து பார்த்தபோது ஆர்னி எழுந்து நின்றுகொண்டிருந்தான். அந்தச் சாம்பல் கண்… அதில் இப்போது சிரிப்பு இல்லை.

அடுத்த சனிக்கிழமை அவன் கடைசி வரிசையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். விளக்கம் கொடுக்க வாத்தியார் அவனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரை நேரம் தந்திருந்தார். கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். படிப்பை விடுகிற படிவம் வாங்கிப் போனான் என்று முன்வரிசைப் பையன் சொன்னான்.

லூவான் எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்தாள். அன்றைக்கு ஒரு கணக்கும் ஏறவில்லை. பதினாறு எப்படி வந்தது… எப்படி?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இல்லத்தில் வேலை முடிந்து வரும்போது, மேட்டுத் தெருவில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. பக்கவாட்டில் 'நீமி காங்கிரீட்'. ஒரு வீட்டு முகப்பில் தார்ப்பாய் கட்டி, அதற்குக் கீழே ஆர்னி புதுப் படிக்கட்டுக் காங்கிரீட்டுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தான். தார்ப்பாய் மேல் மழை தடதடவென்று கொட்டியது. லூவான் வண்டியை நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் என்ன பேசுவது என்று யோசித்தாள்.

"வாத்தியார் அனுப்பினாரா?" என்றான், திரும்பாமலே.

"இல்லை. பதினாறு எப்படி வந்துச்சுன்னு கேட்க வந்தேன்."

"உங்க தாளைப் பார்த்துத்தான். அதானே நீங்க சொன்னது?"

"நான் அப்படிச் சொல்லலை!"

"இல்லைன்னும் சொல்லலை." சுத்தியல் ஒரு தடவை இறங்கியது. "காலி நாற்காலி பத்து கிடந்துச்சு. ஏன் மாறலைன்னு நினைச்சீங்க? கழுத்து சுளுக்கினாலும் பரவாயில்லைன்னு உட்கார்ந்திருந்தேன். மடையன்."

அவள் தார்ப்பாய்க்குக் கீழே வராமல் மழையிலேயே நின்றாள். பிடிவாதம் வந்தது.

"சொல்லித் தராம நான் போகமாட்டேன். இங்கேயே நிப்பேன். நனையறேன்."

அவன் பெருமூச்சு விட்டான். காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அடித்த பலகை மேலேயே எழுதினான்.

"எண் எதுன்னு தெரியாது. சரி, நாலுன்னு வெச்சுக்கறேன்."

"ஏன் நாலு?"

"கால் பங்கு எடுக்கச் சுலபம். மூணு மடங்கு பன்னெண்டு, கால் பங்கு ஒண்ணு. மொத்தம் பதிமூணு. வேண்டியது அம்பத்திரண்டு. அது பதிமூணைப் போல நாலு மடங்கு. அப்ப நான் வெச்ச நாலும் நாலு மடங்கு ஆகணும். பதினாறு. காங்கிரீட்டுக்கும் முதல்ல ஒரு சட்டி கலந்து பார்ப்போம். எவ்வளவு தூரம் வருதுன்னு பார்த்து அத்தனை மடங்கு கலப்போம். இதுல எக்ஸ் எங்கே வந்துச்சு?"

லூவான் பலகையையே பார்த்தாள். அவள் ஒரு பக்கம் எழுதியதை இந்த ஆள் மூன்று மூச்சில் முடித்திருக்கிறான்! தப்பான எண்ணிலிருந்து ஆரம்பித்து!

"இதை அவர்கிட்ட சொல்லுங்க."

"நம்பாதவன்கிட்ட வாய் வலிக்கப் பேசற வழக்கம் எனக்கில்லை."

"அப்ப நான் சொல்றேன். நீங்க வந்து சும்மா நில்லுங்க. வெள்ளிக்கிழமை, மூணு மணி. வராட்டி இந்தப் படிக்கட்டு காயறதுக்கு முன்னால வந்து கால் வெச்சுட்டுப் போவேன்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "செய்வீங்க," என்றான்.

வெள்ளிக்கிழமை வந்தான். சட்டையில் இஸ்திரி மடிப்பு. லூவான் சொன்ன கதையைப் பிரெண்டிஸ் கேட்டார்; தாடையைத் தடவினார்; கரும்பலகையில் புதிதாக ஒன்று எழுதினார். ஒரு எண்ணின் மூணு மடங்கு, கால் பங்கு, அதோடு ஐந்து. மொத்தம் எண்பத்து மூணு.

லூவானுக்குத் திக்கென்றது. அந்த ஐந்து! மடங்கு போடுகிறவனுக்கு அது முள். ஐந்து எண்ணோடு சேர்ந்து பெருகாதே… ஆர்னி நான்கு என்று வைத்தான், பதினெட்டு வந்தது, எண்பத்து மூன்றைப் பார்த்தான், நின்றுவிட்டான். நெற்றியில் வேர்வை. கடிகாரம் டிக் டிக் என்றது. வாத்தியார் பேனாவைத் திறந்தார்.

சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தாள். ஆர்னி கையைக் காட்டி நிறுத்தினான்.

"இது சட்டியோட எடை," என்றான் மெதுவாக. "மணலை எடை போடறப்போ சட்டியும் சேர்ந்து ஏறும். எத்தனை மணல் போட்டாலும் சட்டி ஒண்ணுதான். முதல்ல அதைக் கழிச்சுடணும். எண்பத்து மூணுல அஞ்சு போனா எழுபத்தெட்டு. பதிமூணைப் போல ஆறு மடங்கு. ஆறு நாலு இருபத்து நாலு."

பிரெண்டிஸ் பேனாவை மூடினார். "அய்யா… ரெண்டு பக்கமும் அஞ்சைக் கழிங்கன்னு எட்டு வாரமா நான் கத்தறது இதைத்தான்!"

"சட்டின்னு சொல்லியிருந்தா முதல் வாரமே புரிஞ்சிருக்கும்."

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஆள் விடவில்லை. "சரி, உங்களுக்குப் போடத் தெரியுது. ஒத்துக்கறேன். ஆனா பரீட்சை அன்னிக்கு அவங்க தாளைப் பார்க்கலைங்கறதுக்கு இது சாட்சி ஆகாது. ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே திரும்பியிருந்தாரே?"

"அது நாற்காலி சார்," என்றாள் லூவான். "இடதுகை நாற்காலியை நான் பிடுங்கிக்கிட்டேன். கேட்டார், கொடுக்கலை. வலதுகை நாற்காலியில இடது கையால எழுதிப் பாருங்க, கழுத்து எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியும்."

"திரும்பினது நாற்காலியால. பார்க்கலைங்கறது? போன வாரம் தெரியாதுன்னீங்களே?"

இப்போது விட்டால் எப்போதும் இல்லை. நர்ஸ் படிப்பு போனால் போகட்டும்… காது ரெண்டும் கொதித்தது.

"போன வாரம் பயத்துல பொய் சொன்னேன். அவர் என் தாளை ஒரு தடவைகூடப் பார்க்கலை. எனக்கு நல்லாத் தெரியும். ஏன்னா… ஒரு மணி நேரமும் நான் அவரைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

"அவர் தாளையா?" வாத்தியார் நிமிர்ந்தார்.

"முகத்தை சார்."

பிரெண்டிஸ் தாள்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார். "அப்புறம்… பரீட்சை எப்ப எழுதினீங்க?"

"நடுநடுவுல."

அவர் இரண்டு தாள்களிலும் மார்க்கைப் போட்டுக் கொடுத்து, கதவைக் கையால் காட்டினார். இந்த விஷயம் இதோடு முடிந்தது என்றார்.

நடைக்கூடத்தில் லூவான் வேகவேகமாக நடந்தாள். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மழை வெள்ளைத்திரையாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் கனமான பூட்ஸ் சத்தம்… பக்கத்தில் வந்து நின்றது.

"லூவான்."

"ஒண்ணும் கேட்காதீங்க. சாட்சி சொன்னேன், அவ்வளவுதான்."

"கேட்கலை. நானும் ஒரு சாட்சி சொல்லணும்." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். பேசத் தெரியாத ஆள். ஒவ்வொரு வார்த்தையாகத் தூக்கி வைத்தான். "நீங்க பார்த்துட்டிருந்தது எனக்குத் தெரியும். அதனாலதான் கூரையைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். உங்களைப் பார்த்தா… நாலும் நாலும் எவ்வளவுன்னு மறந்து போகுது."

லூவானுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எட்டு வருஷமாக யாரையும் நம்பாத மனசு, ஏதாவது ஓட்டை இருக்கிறதா என்று அந்த வார்த்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை.

"இப்ப மறந்திருக்கா?" என்றாள்.

"சுத்தமா."

அவள் கண்ணாடிக் கதவைத் திறந்து மழைக்குள் கையை நீட்டிப் பார்த்தாள். பிறகு அந்த ஈரக் கையை அவன் கைக்குள் வைத்தாள்.

"அப்ப மறந்தே இருங்க, ஆர்னி… எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."