இரண்டு இழுப்பு

மூட்டை அவளுடையதுதான், சந்தேகமே இல்லை. பனிமூட்டத்துக்குள் மணலில் தனியாக உட்கார்ந்திருந்த அந்தச் சாக்கின் கழுத்தைப் பார்த்ததுமே துப்புரவு மேஸ்திரி அடையாளம் கண்டுகொண்டாள். இடதுகைக்காரியான அவளே போட்ட முடிச்சு அது. கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே திணித்து, முழங்காலால் அழுத்தி இறுக்குவது. போட்டால் போட்டதுதான், கத்தியால் அறுத்தால்தான் உண்டு. இந்தக் கடற்கரையில் குப்பை மூட்டைக்கு அப்படி முடிச்சுப் போட அவளைத் தவிர வேறு ஆள் கிடையாது.

ஆனால் சாக்கின் அடியில் சிப்பிகள் ஒட்டியிருந்தன. பாசி முளைத்து, தொட்டால் வழுக்கியது. குப்பை லாரி வராத ஏதோ ஒரு நாளில், கரையின் கோடியிலுள்ள கருங்கல் தடுப்பில் நின்று, தண்ணீர் உள்வாங்கும் நேரம் பார்த்து அவளே காலால் தள்ளிவிட்ட மூட்டை. ஒரு நாளா இரண்டு நாளா, லாரி வராத போதெல்லாம் அதே கதைதான். கரை பளிச்சென்று இருந்தால் அதிகாரிக்குப் போதும், அவர் என்ன முங்கியா பார்க்கப் போகிறார்? "கடலுக்கு வயிறு பெருசு" என்பாள் மேஸ்திரி, கையைத் தட்டிவிட்டுக்கொண்டே.

"என்ன மேஸ்திரி, கட்டிக் குடுத்த பொண்ணு பொறந்த வீட்டுக்குத் திரும்பி வந்துட்டா போல" என்றான் ரேடியோ. வாயை மூடத் தெரியாதவன் என்பதால் வந்த பெயர் அது. "புகுந்த வீட்டுல வெச்சு வாழல."

"வாயை மூடு."

தங்கச்சி குனிந்து மூட்டையைப் பார்த்தாள். "இது எப்படிக்கா இங்க வந்துச்சு?"

"லாரியில இருந்து விழுந்திருக்கும். வா, நேரமாகுது."

பொய்தான். தங்கச்சிக்கு இன்றுதான் முதல் நாள். வழக்கமாக வருகிறவருக்குக் காய்ச்சல். படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தவள், "நான் வரேன்க்கா" என்று தொங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அம்மாவுக்கு இஷ்டமில்லை. "அவளுக்கு நீச்சல் தெரியாதுடி, தண்ணிப் பக்கம் விட்டுடாதே" என்று வாசல் வரை வந்து சொன்னாள். "என் கண்ணுக்குள்ளயே வெச்சுப் பாத்துக்கறேன்மா, போதுமா?" என்று சலித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள் மேஸ்திரி.

இப்போது அந்தக் கண்ணுக்கு நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. விடிந்து வெகு நேரமாகியும் வெளிச்சம் இறங்கவில்லை, வெந்நீர் அறைக்குள் நிற்கிற மாதிரி எங்கும் வெள்ளை. இந்த மாதிரி நாளுக்கென்று அவர்களுக்கு ஒரு முறை உண்டு. நீளமான ஒரு கயிறு. அதில் ஆளுக்கொரு வளையம், அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு கரையின் அகலத்துக்கு வரிசையாக நடப்பார்கள். ஒரு இழுப்பு என்றால் நடக்கலாம். இரண்டு இழுப்பு என்றால் குப்பை கிடைத்திருக்கிறது, எல்லோரும் நில்லுங்கள், பொறுக்குங்கள். மேஸ்திரி எப்போதும் மேட்டுப்பக்கம், தள்ளுவண்டியோடு. நடுவில் ரேடியோ. தண்ணீரோரம் மூன்றாவது ஆள்.

"நான் தண்ணிப் பக்கம் போறேன்க்கா" என்றாள் தங்கச்சி. "கணுக்கால் நனைஞ்சா போதும், அதுக்கு மேல போகமாட்டேன். சத்தியமா."

முதல் நாள், ஆசையாகக் கேட்கிறாள். சரி போ என்றுவிட்டாள் மேஸ்திரி. மஞ்சள் மேல்சட்டை கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு வெள்ளைக்குள் போய்விட்டது.

ஒரு இழுப்பு. நடந்தார்கள்.

மணல் காலுக்கடியில் நொறுநொறுத்தது. தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. வண்டிக்கு முன்னால் ஓடும் கறுப்பனை இன்றைக்குக் காணவில்லை. யார் வீட்டு நாயும் இல்லை அது, ஆனால் ஒரு நாளும் பிஸ்கட்டுக்கு வராமல் இருந்ததில்லை. நடுவிலிருந்து ரேடியோவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, அவனுடைய மாமனார் வாங்கிய பழைய கட்டிலைப் பற்றிய முடிவில்லாத கதை. வேறு நாளாயிருந்தால் அதட்டியிருப்பாள். இன்று அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது.

கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. இதுவரை அவள் குனியவே இல்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. எள் போட்டால் எள் விழாத கூட்டம். இன்று முழங்கால் வரை கிடக்க வேண்டும்: பாட்டில், மூடி, உறிஞ்சுகுழல், சிகரெட் துண்டு, குழந்தைகள் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் ஒரு துரும்பு இல்லை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது மணல். யாரோ வேலையை முடித்துவிட்டார்கள். அவர்களை விடச் சுத்தமாக.

பிறகு தடங்களைப் பார்த்தாள். தண்ணீரிலிருந்து ஏறி வந்து கரையோடு நீள நடந்திருந்த வெறுங்கால் தடங்கள், வரிசையாக, ஒன்றுக்கொன்று சரியான இடைவெளியில். வரிசைக்கு நடுவே கயிறு உரசிய கோடு. ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் நின்றது. ஒன்றில்கூட விரல்கள் இல்லை.

நம் தடம்தான், நேற்றையது, என்று சொல்லிக்கொண்டாள். நேற்று அத்தனை ஜனம் மிதித்த பிறகு எப்படி மிஞ்சும் என்பதையும் அவளே யோசித்தாள். திரும்பிவிடலாமா? அதிகாரி வருகிற நாள் இது. பாதியில் திரும்பினால் ஏன் என்று தங்கச்சி கேட்பாள், அந்த மூட்டையைப் பற்றியும் கேட்பாள். இன்னும் கொஞ்சம் நடப்போம், என்று வண்டியைத் தள்ளினாள்.

இரண்டாவது மூட்டை வண்டிச் சக்கரத்தில் முட்டியது.

இது சாக்குகூட இல்லை. கிழிந்த வலையும் பிளாஸ்டிக் பைகளும் ஒன்றோடொன்று பின்னிச் செய்த ஏதோ ஒன்று, மீன் கழுவின தண்ணீரின் நாற்றத்தோடு. கழுத்தில் அதே முடிச்சு. ஆனால் அவள் போட்டதில்லை. சுற்று சரி, திணிப்பு சரி, இறுக்கம் மட்டும் தளர்வு. பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளும் கத்துக்குட்டி போட்ட மாதிரி இருந்தது.

வண்டியில் தொங்கிய கத்தியை எடுத்து அறுத்தாள். உள்ளே கறுப்பன். கால்களை மடக்கி, வாலைச் சுருட்டி, தார்ப்பாயை மடித்து வைப்பது போல ஒழுங்காக வைத்திருந்தார்கள். கத்தி அவள் கையிலிருந்து விழுந்தது, எங்கே விழுந்தது என்று அவள் பார்க்கவில்லை.

"ரேடியோ, திரும்பு. ரெண்டு பேரும் மேல வாங்க."

"இருங்க மேஸ்திரி, அந்தக் கட்டிலைத் தூக்கிட்டு மாடிப்படி ஏறும்போது எங்க மாம..."

நின்றது. பாதி வார்த்தையில்.

அலைச் சத்தம் மட்டும்.

"ரேடியோ?"

"ஏய் குட்டி. அக்கா கூப்பிடறேன். பதில் சொல்லு."

இடுப்புக் கயிறு அசைந்தது. இரண்டு இழுப்பு. கடல் பக்கத்திலிருந்து. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. இருக்கிறாள், ஏதோ கிடைத்திருக்கிறது, கூப்பிடுகிறாள். கயிற்றைக் கையால் பிடித்துப் பிடித்து இறங்கினாள் மேஸ்திரி. அம்மா, உன் பிள்ளையை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன், இனிமேல் இந்தப் பக்கமே விடமாட்டேன், லாரி வராவிட்டால் நானே தலையில் சுமக்கிறேன், என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

ரேடியோவின் வளையம் வந்தது. காலி. அவன் குப்பை குத்தும் ஆணிக்கம்பு மணலில் நேராக நின்றது.

கயிறு இன்னும் போனது. ஈர மணல். கணுக்கால் தண்ணீர். தங்கச்சியின் வளையம். அதுவும் காலி.

அங்கே கயிறு முடிய வேண்டும். முடியவில்லை. நுனியில் இன்னொரு கயிறு சேர்த்துக் கட்டியிருந்தது, வலை நூலை முறுக்கித் திரித்த கயிறு. அது விறைப்பாகக் கடலுக்குள் போயிற்று. சேர்த்துக் கட்டிய இடத்தில் அவளுடைய முடிச்சு. இந்த முறை தளர்வில்லை.

"அக்கா."

குரல் காலடியிலிருந்து வந்தது.

தண்ணீரோரம் இரண்டு மூட்டைகள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று. சின்னதன் பின்னலுக்குள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அசைந்தது.

"அக்கா, இருட்டா இருக்கு. மூச்சு முட்டுது."

"இதோ பிரிச்சுடறேன், இதோ, பயப்படாதே."

அறுக்கக் கையை நீட்டினாள். கத்தி இல்லை. கத்தி மேலே, மணலில், கறுப்பனுக்குப் பக்கத்தில், அந்த வெள்ளைக்குள் எங்கேயோ. நகத்தால் பறித்தாள். நகம் பிய்ந்தது. பல்லால் கடித்தாள். உப்பு. பின்னல் இழுக்க இழுக்க இறுகியது. அவிழாது. அவளுக்குத் தெரியாதா அவிழாதென்று?

தண்ணீர் உள்வாங்கிற்று. பெரிய மூட்டை சறுக்கியது. மெதுவாக, கருங்கல் தடுப்பிலிருந்து அவள் தள்ளிவிடும் மூட்டைகள் போவது போலவே போனது. ரேடியோ கடைசிவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை.

சின்ன மூட்டையும் நகர்ந்தது. மேஸ்திரி அதன் மேல் விழுந்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு சின்னக் கை அவள் தோளைத் தேடித் துழாவியது. "விடமாட்டேன். அக்கா விடமாட்டேன்டி." இடுப்பு வரை தண்ணீர். பிறகு மார்பு வரை. விடவில்லை.

பனி கொஞ்சம் விலகியது.

கடலுக்குள் தலைகள். வரிசையாக. ஒன்றுக்கொன்று சரியான இடைவெளியில், பார்வை போகிற தூரம் வரை. எல்லா இடுப்பிலும் ஒரே கயிறு. அது அவள் இடுப்பில் வந்து முடிந்தது.

அவர்கள் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல், தரையைப் பார்த்துக்கொண்டே.

கயிறு அசைந்தது.

ஒரு இழுப்பு.

இன்னொன்று.

வரிசை நின்றது. கரைக்கு மிக அருகில் நின்றது மட்டும் குனிந்து, இடது கையால், ஒரு காலிச் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தது.