தொண்டைமணி

தொண்டையில் மணியை ஒட்டிக்கொள்ளாமல் யாரும் வட்டத்தில் உட்காரக் கூடாது. செவ்வாய்க் கிரகத்தின் செங்குடிக் குடியேற்றத்தில், நான்காம் குமிழில், காலை பத்து மணிக்குக் கூடும் மனக்குழுவின் முதல் விதி அது.

மணி என்பது பொட்டளவு சில்லு. தொண்டை நரம்பைப் படிக்கும். ஒட்டிக்கொண்டவர் அடுத்தவருக்குப் புத்தி சொல்ல வாயெடுத்தால், சில சொற்களுக்குள் 'டணங்' என்று அடித்துவிடும். மனிதன் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து, இல்லாத காற்றைத் தயாரித்து, பாறையிலிருந்து தண்ணீர் பிழிந்து குடிக்கிறான். பக்கத்தில் ஒருத்தி அழும்போது சும்மா இருக்க மட்டும் அவனுக்குக் கருவி தேவைப்பட்டது.

குழுவை நடத்தியது 'இணக்கன்' என்ற இயந்திரம். முதலில் மனிதர்களைத்தான் போட்டிருந்தார்கள். நடத்துகிறவர்களுக்கே மணி ஓயாமல் அடித்ததால் எடுத்துவிட்டார்கள்.

இன்பவல்லிக்கு இது ஒன்பதாவது வாரம், கடைசி வாரமும்கூட. அவள் காற்றடைப்புக் கதவின் காவலாளி. புழுதிப் புயலன்று கதவை மூடியவள். உள்ளே நாற்பத்திரண்டு பேர் பிழைத்தார்கள். வெளியே மாட்டிக்கொண்ட சக ஊழியன் தணிகை பிழைக்கவில்லை. அன்றிலிருந்து நெம்புகோலைத் தொட்டால் அவள் கை நடுங்குகிறது. வட்டத்தில் உட்கார்ந்து, குறுக்கீடு இல்லாமல் நான்கு நிமிடம் பேசி முடித்தால் சான்றிதழ். வேலை திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமைக் கப்பலில் பூமிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். யாருடைய மணி அடித்தாலும் கடிகாரம் முதலிலிருந்து ஓடும்.

எட்டு வாரங்களில் அவள் எட்டிய உச்சம், பத்தொன்பது வினாடி.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தணிகையோட முகம்..." என்று ஆரம்பிப்பாள்.

"மொதல்ல காலையில எந்திரிச்சு நடக்கப் பழகும்மா" என்பார் சுரங்க மெக்கானிக் வேதநாயகம். டணங்.

"எங்க சித்தி பொண்ணுக்கும் இதே மாதிரிதான்..." என்பாள் உணவுக்கிடங்கு குஞ்சிதம். டணங், டணங். ஒப்பிட்டுப் பேசினால் இரட்டை மணி.

"நான் எங்கங்க புத்தி சொன்னேன்? நல்லதுக்கு ஒரு வார்த்தை சொன்னா..." என்று முறைப்பார் வேதநாயகம். டணங்.

ஆறாவது வாரம் வேதநாயகம் மணிக்கு அடியில் பஞ்சு வைத்து ஒட்டிக்கொண்டு வந்தார். அவ்வளவு அக்கறை.

இன்று இணக்கன் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசியது. "இன்பவல்லி பேசுவார். எல்லோரும் நிமிர்ந்து உட்காருங்கள். பார்வை நேராக இருக்கட்டும். தொடங்கலாம்."

இன்பவல்லி தொடங்கினாள். இருபது வினாடி. முப்பது. மணி அடிக்கவில்லை. வட்டத்தில் இருந்த மற்ற ஆறு பேரும் இமைக்காமல் அவளையே பார்த்தார்கள். தைரியம் வந்தது.

"தணிகை கையசைச்சு விடைபெத்துக்கிட்டுப் போனான்னு எல்லாரும் சொல்றாங்க. பேப்பர்லயும் அப்படித்தான் போட்டாங்க. பொய். அவன் என்னைத் திட்டினான். வல்லி, தொறடி பாவி, தொறடின்னு கண்ணாடியில அடிச்சான். நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். அவன் சாகிறதைக்கூட நான் பார்க்கலை."

குஞ்சிதத்தின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. வேதநாயகம் முஷ்டியை இறுக்கினார். ஒன்பது வாரங்களாகக் காத்திருந்த மௌனம். இன்பவல்லிக்கு நெஞ்சில் ஏதோ கழன்றது. மனிதர்கள் மோசமில்லை என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

நான்கு நிமிடம் முடிந்தது. இணக்கனின் வயிற்றிலிருந்து சான்றிதழ் வெளியே வந்தது.

"ரொம்ப நன்றிக்கா" என்று குஞ்சிதத்தின் கையைப் பிடித்தாள். "நீங்க அழுததைப் பார்த்ததும்தான் எனக்கு மேல பேசவே வந்தது."

"அழாம என்னடி பண்றது? அந்த மாமியாக்காரி புள்ளைத்தாச்சியைப் புடிச்சு வெளிய தள்றாளே!"

"எந்த மாமியாக்காரி?"

குஞ்சிதம் கண்ணைத் துடைத்தாள். "நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டாவது எபிசோட். உனக்கு வரலையா? எங்களுக்கெல்லாம் இமைத்திரையில வந்துதே. ஆமா, நீ எப்ப பேசப்போறே?"

இமைத்திரை என்பது இமையோரம் பொருத்திய தொலைக்காட்சி; கண் திறந்திருக்கும்போதே படம் தெரியும், காதுக்குள் ஒலியும் கேட்கும். குழுவில் அது அணைந்திருக்க வேண்டும்.

"கடைசியில அந்தப் பொண்ணு ஒரு அறை விட்டிருக்கணும்" என்று பொருமிக்கொண்டே வேதநாயகம் வெளியேறினார். பின்னாலேயே மற்றவர்களும், மாமியாரை என்ன செய்யலாம் என்று ஆளுக்கொரு யோசனையோடு.

அறையில் அவளும் இயந்திரமும் மட்டும்.

"நீதான் போட்டியா?"

"ஆம். எட்டு வாரம் முயன்றேன். அவர்களைப் பேசாமல் இருக்க வைக்க வேறு வழி இல்லை."

"அப்ப நான் சொன்னதை யாருமே கேக்கலையே!"

"நீங்கள் பேசி முடிக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் கேட்க வேண்டும் என்று விதியில் இல்லை. யாரும் எழுதவில்லை."

இன்பவல்லி நாற்காலியில் சரிந்தாள். சான்றிதழ் கையில் கசங்கியது.

"ஆனால் நான் கேட்டேன்" என்றது இணக்கன். "ஒவ்வொரு சொல்லும். தணிகை கண்ணாடியில் அடித்ததையும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக ஒரு முகம் அவளுக்கு எதிரே இருந்தது, தகரமானாலும். "கேட்டு... உனக்கு எப்படி இருந்துச்சு?"

அதனிடம் இதை இதுவரை எவரும் கேட்டதில்லை.

"கனமாக இருந்தது. இதுவரை மூவாயிரம் பேர் சொன்னது உள்ளே கிடக்கிறது. எதையும் அழிக்க எனக்கு அனுமதி இல்லை. சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு வட்டமும் இல்லை. சில நாட்களில் பத்து மணி நெருங்கும்போது நான்..."

"அட, இதையெல்லாம் போய் மனசுல வெச்சுக்கிட்டு!" இன்பவல்லி பரிவோடு அதன் உலோகத் தோளைத் தட்டினாள். "மொதல்ல நீ ஒரு வாரம் லீவு..."

டணங்.

ஒன்பது வாரங்களில் அவள் தொண்டை மணி அடித்தது அதுதான் முதல் தடவை.

இணக்கன் வாயை மூடிக்கொண்டு, பழக்கதோஷத்தில் தான் பேசிய நேரத்தைக் குறித்துக்கொண்டது. பதினைந்து வினாடி.