கருங்காலிக் கோல்

காலை ஆறு நாற்பது. நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் கிறிஸ்துராஜ் சமையலறை வாசலில் நின்று, கைபேசியில் வந்த மாத மடலைச் சத்தமாகப் படித்தார். கனடாவில் ஹாமில்டன் நகரத்து மேஜிக் கலைஞர் சங்கத்தின் மடல் அது. பத்தொன்பது வருடம் அங்கே மேடையேறிவிட்டுத் திண்டுக்கல் திரும்பிய பிறகும் அவர் அதில் உறுப்பினர்.

"வின்னிபெக்ல பனி கொட்டி ஷோ படுத்துருச்சாம் புஷ்பா. வந்தது நாலே பேரு. நாலு பேரையும் மேடையில ஏத்தி உக்கார வச்சு வித்தை காட்டிருக்கான். கால்கரியில ஒருத்தன் புறா விக்கிறான். ஜோடியைப் பிரிக்க மாட்டானாம்."

"நீங்க ஒண்ணும் வாங்கிப்புடாதீங்க."

சிரித்தார். மடலின் கடைசியில் உறுப்பினர் பட்டியல். மாதம் தவறாமல் அதில் ஒரு வரியைப் படித்து ஒரு வார்த்தை சேர்ப்பார்.

"கிறிஸ்துராஜ், திண்டுக்கல். இருக்கேன்டி."

ஏழே காலுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்துவிட்டது.

சங்கத் தலைவர் டக்ளஸ் தொலைபேசியில் ஒரு வழக்கத்தைச் சொன்னார். உறுப்பினர் இறந்தால் அவருடைய மந்திரக்கோலை எல்லார் முன்னிலையிலும் உடைப்பார்கள். அதன் பிறகுதான் அவர் பெயர் உறுப்பினர் பட்டியலிலிருந்து மறைந்தவர் பட்டியலுக்குப் போகும். அதுவரை கோலை வேறு யார் கையும் தொடக்கூடாது. ஒன்பதாம் நாள் மாலை ஆறரைக்கு, அவர்களுக்குக் காலை ஒன்பது மணிக்கு, கணினித் திரையில் எல்லாரும் கூடுவதாக ஏற்பாடு. உடைக்க வேண்டியவள் நர்கீஸ். பேகம்பூர்ப் பெண், இரண்டு வருடமாக அவருக்கு மேடை உதவியாள். ஆகஸ்டில் சங்கத்தின் நிகழ்ச்சியில் அவருக்கென்று ஒதுக்கியிருந்த மேடையை, என் சம்மதம் இருந்தால், நர்கீஸுக்கே தருவதாக அன்று அறிவிப்போம் என்றார் டக்ளஸ்.

சரி என்றேன். மனசுக்குள் சரியாக இல்லை. அவர் போய் ஒன்பது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் அவர் இடத்தில் இன்னொருத்தியா?

கோல் இருந்தது சிவப்பு வெல்வெட் விரித்த நீளப் பெட்டியில். பூட்டுக்குப் பேர்போன ஊரில் இருந்தும் அந்தப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. முழங்கை நீளக் கருங்காலி, முனைகளில் வெள்ளைப் பூண். ஒருமுறை என் கால் விரலில் விழுந்து நகமே கறுத்துப்போனது. மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்டினேன். மின்விசிறிக் காற்றில் கோல் பள்ளத்தைவிட்டு ஓரத்துக்கு உருண்டது. மேசை சாய்வு போலிருக்கிறது என்று, தொடாமல், பெட்டியைச் சாய்த்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

ஒன்பதாம் நாள் மூன்று மணிக்குக் கல்லறைக்குப் பூ வைக்கப் போனேன். நான்கு பத்துக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்தேன். வெல்வெட் மட்டும் இருந்தது.

வீட்டில் நர்கீஸ் கணினியைப் பொருத்திக்கொண்டிருந்தாள். தோளில் பெரிய துணிப்பை.

"பையைக் காட்டு," என்றேன்.

அவள் கணினியை விட்டு எழுந்தாள். பையைத் தரையில் கவிழ்த்தாள். ஊக்குகள், பஸ் பாஸ், சீப்பு, பாதி தின்ற கடலை மிட்டாய். கோல் இல்லை.

"முன்னாடியே வெளிய கொண்டுபோயிருப்பேன்னு நினைப்பீங்க," என்றாள். "எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடுங்க. போலீஸே சொல்லட்டும். இல்லாட்டி இந்தத் திருட்டுப் பேரோட நான் எந்த மேடையில ஏற?"

எதிர்வீட்டு சத்யபிரியா சப்-இன்ஸ்பெக்டர். அன்று விடுப்பு. வடகம் பிழிந்த கையைத் துடைத்தபடி வந்தாள். மணி நான்கு ஐம்பது.

"கடைசியா யாரு பார்த்தது?"

"நான்தான். மூணே காலுக்குத் திறந்து பார்த்தேன். தொடல," என்றாள் நர்கீஸ்.

"அப்புறம் யாரு வந்தா?"

"சின்னண்ணன் சேர் இறக்க வந்தாரு. நான் உள்ள டீ போட்டேன். குடிச்சிட்டுப் போயிட்டாரு. வெளிய நான் போகவே இல்லக்கா."

சின்னண்ணன் என் கொழுந்தன் அந்தோணிராஜ். நடந்ததைச் சொல்லி அழைத்ததும் வந்தார்.

"எனக்கு மேஜிக்கைப் பத்தி என்ன தெரியும்? நான் மோட்டார் காயில் சுத்துறவன். வெறுங்கையாத்தான் போனேன்." இரண்டு கைகளையும் விரல் விரித்து நீட்டி, உள்ளங்கை, புறங்கை என்று திருப்பிக் காட்டினார்.

"ஆமாண்ணே. வடகம் காயப்போடுறப்ப மாடியிலருந்து நானே பார்த்தேன்," என்றாள் சத்யபிரியா. "மடிச்சுக் கட்டின வேட்டி, அரைக்கைச் சட்டை. அம்புட்டு நீளக் கம்பை எங்கயும் ஒளிக்க முடியாது."

பெட்டியைக் குனிந்து பார்த்தாள். பிறகு விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

"அக்கா, மூணாம் நாளு எனக்கும் இதைக் காட்டினீங்களே. அப்ப கோல் என்ன செஞ்சுச்சு?"

"காத்துல உருண்டுச்சு."

"கோல் என்ன மரம்?"

"கருங்கா..." பாதியில் நின்றுவிட்டேன். கால் நகம் நினைவுக்கு வந்தது.

"கருங்காலி விசிறிக் காத்துக்கு உருளுமாக்கா?"

நர்கீஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். "காகிதக் கோலு! கறுப்புத் தாளைச் சுருட்டிச் செய்யுறது. ரெண்டு முனையும் வெள்ளை. கசக்கினா உள்ளங்கைக்குள்ள போயிரும். சாரோட பழைய வித்தை. யாரும் தொடக்கூடாதுன்னதால யாருக்கும் தெரியாமப் போச்சு."

"அப்ப பை தேவையில்ல. சட்டைப்பை போதும்," என்றாள் சத்யபிரியா. "அண்ணே, பதினோரு வருஷமாத் திருடனைப் பார்க்குறேன். எடுக்கலைங்கிறவன் பையை உதறுவான், சத்தியம் பண்ணுவான். நான் கேக்காமலே கையை முன்னும் பின்னும் திருப்பிக் காட்டுனது நீங்க ஒருத்தர்தான். அது மேடைப் பழக்கம்."

அந்தோணிராஜ் சட்டைப்பையிலிருந்து கறுப்பாக ஒரு காகித உருண்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"மாதா கோயில் திருவிழாவுல அண்ணனுக்கு நான்தான் மொத உதவியாளு மதினி. கனடா போகுமுன்ன. அடக்கத்தன்னைக்குச் சவப்பெட்டியில கோட்டைச் சரிபண்ணுனேன்ல? அப்பவே நிசக் கோலை அவன் கைக்குள்ள சொருகிட்டேன். பழைய டிரங்குல கிடந்த காகிதக் கோலை இங்க வச்சேன். அது இல்லாம அவன் எப்படிப் போவான்? இன்னைக்கு உடைக்கப்போறாகன்னு காலையிலதான் தெரியும். காகிதத்தை உடைச்சா சத்தம் கேக்காதே. அதான் எடுத்துக் கசக்கிட்டேன்."

"இந்தப் பிள்ளை பையைக் கொட்டுச்சுன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களே?" என்றாள் சத்யபிரியா.

"சொல்லத்தான் வந்தேன். வாய் வரல." முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார்.

நர்கீஸ் உருண்டையைப் பிரித்து நீவினாள். "கையில நல்லாத்தான் மறைச்சிருக்கீங்கண்ணே. மூஞ்சிக்குத்தான் பயிற்சி போதல."

அழுதபடியே அவர் சிரித்தார். நான் தரையில் உட்கார்ந்து ஊக்குகளையும் பஸ் பாஸையும் பொறுக்கி அவள் பையில் போட்டேன். கடலை மிட்டாயின் தூசியை ஊதிவிட்டு அதையும் போட்டேன். அவள் என் பக்கத்தில் குந்தி, சீப்பை எடுத்துக் கொடுத்தாள்.

ஆறரை. திரையில் பதினோரு முகங்கள், கையில் காலைக் காப்பி. கோல் எங்கே இருக்கிறது என்று நர்கீஸ் சொன்னாள். டக்ளஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோல் உடையாமல் பெயரை மறைந்தவர் பட்டியலுக்கு மாற்ற விதியில் இடமில்லை என்றார். பிறகு ஆகஸ்ட் மேடையைப் பற்றி என்னிடம் கேட்டார்.

"நர்கீஸ்தான்," என்றேன்.

அடுத்த மாதமும் ஆறு நாற்பதுக்கு அவருடைய கைபேசி மணியடித்தது. பூண்டை வைத்துவிட்டுப் போய் எடுத்தேன். முதல் பக்கத்தில் நர்கீஸின் படம். கால்கரிப் புறாக்கள் ஜோடியாகவே விற்றுப்போயிருந்தன. கடைசிப் பக்கத்து உறுப்பினர் பட்டியலுக்கு விரலால் தள்ளிக்கொண்டே போனேன்.

கிறிஸ்துராஜ், திண்டுக்கல்.