ஒரே கோட்டில் மூன்று கதவுகள்

குழிக்கரண்டியின் காம்பு குட்டையாகியிருந்தது.

அந்த அடுக்ககத்தில் இஞ்சுடேப்பு என்று சொன்னால்தான் காவலாளிக்கே அவளைத் தெரியும். வாசலில் பித்தளைப் பலகையில் பெயர் பொறித்து வைத்திருந்தாள். பலகை மட்டமாக இருக்கிறதா என்று அவள் பார்த்ததோடு சரி, பெயரை யாரும் படித்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் அன்று காலை தன் புத்தம்புதுச் சமையலறையில் இழுப்பறையைத் திறந்தாள். நேற்றுவரை குறுக்கே சாய்ந்து கிடந்த கரண்டி இன்று நெடுக்காக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடைவெளி இல்லாமல் படுத்திருந்தது. எடுத்துப் பார்த்தாள். காம்பின் நுனியில் மாட்டுவதற்கு இருந்த வளையத்தைக் காணோம். வெட்டி, அரம் போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, விரலில் உறுத்தாதபடி முடித்திருந்தது.

வேறு யாராவது என்றால் கத்தி ஊரைக் கூட்டியிருப்பார்கள். இவளுக்கு முதலில் வந்தது, சொன்னால் நம்பமாட்டீர்கள், திருப்தி.

சுபாவம் அப்படி. அண்ணன் ஆசையாக வாங்கிக் கொடுத்த மேஜை ஜன்னலை மறைக்கிறது என்று அதன் நான்கு கால்களையும் அரையடி அறுக்க வைத்தவள். சோபாவின் ஒரு கையைக் கழற்றிவிட்டு அதைச் சுவரோரம் செருகியவள். வீட்டில் பொருள் இருப்பதில் அவளுக்கு ஆட்சேபமே கிடையாது, துருத்திக்கொண்டு இருப்பதில்தான். கதவிடுக்கில் ஒரு அட்டை நுழைகிறது என்பதற்காக மூன்று தச்சர்களை விரட்டியிருந்தாள். மூன்றாமவர் போகும்போது, "நீங்க மரவேலைக்கு ஆள் தேடலம்மா, மாப்பிள்ளை தேடறீங்க" என்று சொன்னதை எதிர்வீட்டு அக்கா மாடி மாடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நான்காமவர் யார் சொல்லி வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. உயரமான மனிதர், பேச்சு குறைவு. காதில் பட்டைப் பென்சில். வந்த அன்று அவர் துணிமணியை அளக்கவில்லை, பெட்டிகளை அளக்கவில்லை.

"சாமானை அளக்கறதில்லைம்மா நான். ஆளைத்தான் அளப்பேன்."

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவரவர் உடம்புக்குத் தக்கபடி அவரவர் அலமாரி. புதுமாதிரி வீடு என்றால் அப்படித்தானே இருக்கவேண்டும்? கூடத்தில் ஜன்னலை ஒட்டி மூன்று ஆளுயர அலமாரிகள், கணவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று, ஏழு வயது மகளுக்கு ஒன்று. குழந்தையுடையதில் மட்டும், குழந்தையின் தலைக்குச் சரியாக மேலே ஒரு தட்டு. மூவரையும் எதிர்ச்சுவரில் முதுகு ஒட்ட நிறுத்தி, தலைக்கு ஒரு கோடு, தோளுக்கு இரண்டு கோடு போட்டார் தச்சர். கணவனுக்குத் தோள் பதினெட்டு இஞ்சு. அவளுக்குப் பதினாறரை.

"மூணுமே உள்ளளவு பதினாறு வைங்க. அப்பத்தான் கதவு மூணும் ஜன்னல் சட்டத்தோட ஒரே கோட்டுல வரும்" என்றாள்.

பென்சில் நின்றது. "தோள் பதினெட்டும்மா."

"தோளைப் பத்தி யாரு கேட்டா? கோடு நேரா வரணும்."

"பலகையை வெட்டிட்டா, அப்புறம் பலகையைத் தொடமாட்டேன். எது பொருந்தலையோ அதைத்தான் சரி பண்ணுவேன். சம்மதமா?"

"அட, நானும் இத்தனை நாளா எல்லார்கிட்டயும் அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்!" என்று அவர் வரைந்து நீட்டிய அலமாரிப் படத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். மட்டம் பிசகாத கையெழுத்து. கோடு கிழித்ததுபோல.

மூன்று மாதம் வேலை நடந்தது. குழந்தை பள்ளிவிட்டு வந்ததும் தினமும் சுவரோரம் போய்க் குதிகாலை ஒட்டி நிற்கும். போன வாரம் ஒரே கூச்சல்: "அம்மா, நான் கோட்டைத் தாண்டிட்டேன்!"

"வளராதடி, அலமாரி பத்தாது" என்றாள் இவள். கணவன் சிரித்தான். தச்சர் சிரிக்கவில்லை. குனிந்து பென்சிலைக் குழந்தையின் உச்சந்தலையில் படுக்கவைத்துப் பார்த்தார்.

"ரெண்டு நூல்" என்றார். தச்சர் கணக்கில் எட்டு நூல் ஒரு இஞ்சு. இரண்டு நூல் என்றால் கால் இஞ்சு. "பசங்கன்னா வளரத்தான் செய்வாங்க. கடைசி நாள் பார்த்துக்கலாம்."

இன்றுதான் கடைசி நாள்.

கரண்டியை வைத்துவிட்டு மற்றதையும் திறந்து பார்த்தாள். துடைப்பத்தின் பிடி ஒரு சாண் குறைந்து, தன் குறுகிய அறைக்குள் விறைப்பாக நின்றது. கணவனின் அலமாரியில் அடித்தட்டில் அவன் கறுப்பு ஷூக்கள். இரண்டுக்கும் முன்மூக்கு இல்லை. தட்டின் விளிம்போடு விளிம்பாகத் தோலை அறுத்திருந்தது.

"எலியா இருக்கும்" என்றான் கணவன் படுக்கையிலிருந்து. இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக அவன் எழுந்திருக்கவில்லை.

"எலிக்கு மட்டக்கோல் பிடிக்கத் தெரியுமா?"

"உன் வீட்டு எலி இல்லையா. கத்துக்கிட்டிருக்கும்."

அவளும் சிரித்திருப்பாள். ஆனால் அதற்குள் குழந்தையின் அலமாரியைத் திறந்துவிட்டாள். பெரிய பொம்மை ஒன்று மேல்தட்டில் நின்றது. நேற்றுவரை அது காலை மடித்து உட்கார்ந்திருந்தது. இன்று நின்றது, முழங்கால் வரைக்கும்தான். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. வெட்டிய இடம் கன்னம்போல வழவழப்பாக இருந்தது.

பத்து மணிக்குத் தச்சர் வந்தார், தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு.

"அண்ணே, பொம்மையை நீங்களா...?"

"உள்ள போகலம்மா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனேம்மா. அன்னைக்கே." அவர் படத்தை விரித்துக் காட்டினார். அடியில் அவள் கையெழுத்து. குரலில் கோபமில்லை, கிண்டலில்லை. வேலை தெரிந்தவனின் பொறுமைதான் இருந்தது. பிறகு வாசற்கதவின் உள்கைப்பிடியைக் கழற்ற ஆரம்பித்தார். "துருத்துதுன்னு சொன்னீங்கள்ல. பதிச்ச மாதிரி வேற போடறேன்."

அவள் அப்படிச் சொன்னது உண்மைதான்.

மதியமாயிற்று. மூன்று மணிக்குப் பள்ளி வண்டி வரும், போகாமல் முடியாது. கணவனிடம் மெல்லச் சொன்னாள்: "குழந்தையைக் கூட்டிட்டு வந்ததும் இந்த ஆளைக் கணக்கு முடிச்சு அனுப்பிடலாங்க."

"கரண்டி குட்டையானதுக்கா? மூணு பேரைத் துரத்தினது பத்தலையா உனக்கு? இன்னைக்கு ஒரு நாள்தானே, போயிட்டு வா."

வண்டி தாமதம். அவளும் குழந்தையும் படியேறும்போது மூன்றேமுக்கால் ஆகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா நடையில் காத்திருந்தார். "வாம்மா இஞ்சுடேப்பு! உன் வீட்டு மெஷின்ல என் பல்லெல்லாம் ஆடுது. நாலு மணிக்கு மேல சத்தம் வந்துச்சோ, சங்கத்துல எழுதிக் குடுத்துருவேன். உள்ள அப்படி என்னத்தைத்தான் இழைக்கிறான் அந்த ஆளு?"

அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் இழைப்பு மெஷினின் எல்லாக் குரலும் அவளுக்குப் பழகியிருந்தது. தேக்கில் உஸ்ஸென்று ஓடும், பிளைவுட்டில் கரகரக்கும், முடிச்சு வந்தால் ஒரு துள்ளு துள்ளித் திரும்பவும் ஓடும். இது எதுவுமில்லை. மெதுவாக, தொண்டை அடைத்ததுபோல, ஈரமான எதிலோ இறங்கித் திணறி, பிறகு கடினமான ஒன்றில் ஏறிக் கிரீச்சிட்டு, மறுபடி ஈரத்தில் இறங்கியது. கதவைத் திறந்தாள். பசை வாசனை, மரத்தூள் வாசனை, அவற்றுக்கு அடியில் நனைந்த இரும்பின் வாசனை.

மெஷின் நின்றது.

"பாப்பா, நேரா பாத்ரூம். கால் கழுவிட்டுத்தான் தரையில மிதிக்கணும்" என்றாள், வாய் பழக்கத்தில். குழந்தை நுனிக்காலில் ஓடியது. பின்னால் கதவு தானாக, மெத்தென்று, சுவரோடு சுவராக மூடிக்கொண்டது. உள்பக்கம் கைப்பிடி இருந்த இடத்தில் வழவழப்பான பலகை. துவாரம்கூட இல்லை.

படுக்கையறையில் கட்டில் காலி. போர்வை நான்காக மடித்திருந்தது.

கூடத்தில் மாலை வெயில் ஜன்னல் வழியாக விழுந்து, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, மூன்று கதவுகளிலும் சமமாகப் படிந்திருந்தது. முதல் கதவின் அடியில் இழைத்த சுருள்கள். மரச்சுருள்தான் சில. மற்றவை சிவப்பாக, மெல்லியதாக, ஓரம் சுருண்டு, தரையோடு ஒட்டிக் கிடந்தன. அவற்றில் ஒன்றில் நீலக் கோடு போட்ட துணியும் இருந்தது. அவன் சட்டைத் துணி.

அவள் கதவைத் திறந்தாள்.

கணவன் உள்ளே நின்றிருந்தான். இடுப்புப் பிடித்தவன், நிமிர்ந்து நின்றிருந்தான். தோளிலிருந்து இரண்டு பக்கமும் செங்குத்தாகக் கீழே இறங்கியது உடம்பு. தோளின் உருண்டை இல்லை. அது இருந்த இடம் பலகைக்கு இணையாகச் சீவி, உப்புத்தாள் போட்டு, அரக்குப் பூசி முடித்திருந்தது. இரண்டு பக்கமும் ஒரு அட்டை நுழைய இடமில்லை. கண்கள் திறந்திருந்தன. கண்கள் அவளைப் பார்த்தன. பார்த்துக்கொண்டே இருந்தன.

"இவருக்கு ரெண்டு இஞ்சு அதிகம்மா" என்றார் தச்சர் பின்னாலிருந்து. "இப்ப சரியா உக்காந்துடுச்சு. பாருங்க."

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

தரையில் கிடந்த சுத்தியலை எடுத்து அவள் அவர் முகத்தில் அடித்தாள். முழு பலத்தோடு. கன்ன எலும்பு உள்ளே போனது; பல் ஒன்று தெறித்து மைக்காவில் மோதி விழுந்தது. அவர் தலையை மெல்லத் திருப்பி நேராக்கிக்கொண்டார். அவள் மறுபடி ஓங்கிய கையை மணிக்கட்டில் பிடித்தார். ஆணி பிடிக்கிற பிடி. மணிக்கட்டு நொறுங்கியது. சுத்தியல் விழுந்தது.

"உங்களுது அரை இஞ்சுதான். மெஷின் வேண்டாம். அழுத்தினாப் போதும்."

நடுக்கதவு. அவளை உள்ளே வைத்தார், கண்ணாடியை வைப்பதுபோல. முதுகு பலகையில் பட்டது. இரு தோளும் உள்ளே போகவில்லை. அவர் முழங்காலை அவள் மார்பில் ஊன்றி, இரண்டு உள்ளங்கையையும் தோளில் வைத்து அழுத்தினார். இடது காறையெலும்பு. டப். வலது. டப். விலா ஒவ்வொன்றாக, படி இறங்குவதுபோல. கத்த வாயைத் திறந்தாள். கத்துவதற்குக் காற்று தங்குமிடம் இல்லை.

பொருந்திவிட்டாள்.

கதவு மூடியது. காற்றோட்டத்துக்கென்று அவளே கேட்டு வாங்கிய பட்டை இடுக்குகள் அதில் இருந்தன. வெளியே பார்க்கலாம். எதிர்ச்சுவர் தெரிந்தது. மூன்று தலைக்கோடுகள் தெரிந்தன.

வாசற்கதவு படபடவென்று தட்டப்பட்டது. "ஏம்மா இஞ்சுடேப்பு! மணி நாலாகப் போகுது! அந்த ஆளை முடிக்கச் சொல்லு!"

அக்கா, என்றாள் அவள். உதடு மட்டும்.

தச்சர் முதல் கதவையும் மூடிவிட்டு, சுருள்களைத் துடைப்பத்தால் கூட்டி ஓரம் ஒதுக்கினார். குட்டைப் பிடி அவர் கைக்குள் அடங்கியது. "ஒரே ஒரு சின்ன வேலைதான்க்கா பாக்கி. ரெண்டு நூல்."

"நாலுன்னா நாலுதான், ஆமா!" செருப்புச் சத்தம் நடையில் தேய்ந்து, எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது.

தண்ணீர் நின்றது. ஈரக்கால்கள் தப்தப்பென்று வந்தன. "அம்மா? அம்மா எங்க?"

"அலமாரியில பொருத்தம் பாக்கறாங்க பாப்பா. நீயும் வந்து நில்லு, பாக்கலாம்."

குழந்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்தது. தினமும் செய்கிற காரியம். ஓடிப்போய் முதுகை ஒட்டியது. குதிகால் ஒட்ட, முகவாய் நேராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரியே, ஒரு நூல் பிசகாமல். அலமாரிகளைப் பார்த்துச் சிரித்தது. அந்தத் தலையின் பின்னால் கோடு மறைந்திருந்தது.

தச்சர் காதிலிருந்து பென்சிலை எடுத்து உச்சந்தலையில் படுக்கவைத்தார். பிறகு நடுக்கதவின் பக்கம் திரும்பி, மூன்று மாதமாக ஒவ்வொரு பலகைக்கும் கேட்டதுபோல, இடுக்குக்குள் அவள் கண்ணைப் பார்த்துத் தலையசைத்துக் கேட்டார். சரிதானேம்மா?

அவள் தலையை ஆட்ட முடியவில்லை. இந்தப் பக்கமும் இடமில்லை. அந்தப் பக்கமும் இல்லை.

"அம்மா, எவ்ளோம்மா வளர்ந்திருக்கேன்?" என்றது குழந்தை, அசையாமல்.

அவர் குனிந்து மெஷின் பிளக்கைச் செருகினார்.