துண்டுக்கு அடியில்

கடலோரத்தில் மாட்டுச்சந்தை வாசம் அடித்தது. சாணி, நனைந்த கயிறு, கன்றின் வாய்நுரை எல்லாம் சேர்ந்த அதே வாசம். பூபதிராஜா கொழிஞ்சாம்பாறை மாட்டுத் தரகன். கடவுளே ஏமாந்தாலும் அவன் மூக்கு இந்த விஷயத்தில் ஏமாறாது. ஆனால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மாடும் இல்லை. கடல் தின்று மீதம் வைத்த பழைய துறைமுகப் பட்டணம்தான் கிடந்தது: அகழாய்வுக்குத் தோண்டிய குழிகள், இடுப்பளவு செங்கல் சுவர்கள், பொழுது சாயச் சாய அவற்றுக்குள் தண்ணீர் மாதிரி ஊறி ஏறும் நிழல்.

பூட்டப் போவதாகச் சொல்லிவிட்டு காவலாளி ஜோஜோ வாசலுக்குப் போய்விட்டான். பாடத்தில் படித்த ஊரைப் பார்த்தே தீர வேண்டுமென்று அப்பனை இழுத்து வந்திருந்த தமிழ்ப்ரியா மட்டும் நகரவில்லை. நாலாம் வகுப்பு. அந்தக் காலத்தில் இங்கே எப்படி விலை பேசினார்கள் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

"நம்ம சந்தையாட்டத்தான் கண்ணு."

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் வாங்குகிறவன் விற்கிறவன் விரலைப் பிடித்துச் சொல்வது; எத்தனை விரலோ அத்தனை விலை. விற்கிறவன் உதறினால் போதாது என்று அர்த்தம், பதிலுக்கு அழுத்திவிட்டால் முடிந்தது. கயிறு கைமாறும், அப்புறம் பேச்சில்லை.

செய்தே காட்டினான். சுவரில் ஒரு பொந்து. தோள் துண்டை அதன்மேல் போட்டு, அடியில் கையை விட்டான். "உங்கொப்பன் பேசுனா செத்தவனும் படிஞ்சு வருவானாக்கும்."

அவள் சிரித்தாள். அவன் சுண்டுவிரலை ஏதோ பிடித்தது.

நண்டு என்று நினைத்தான். நண்டு இவ்வளவு மெதுவாகப் பிடிக்காது. ஈரமாக, நகமே இல்லாமல், பற்றி, நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்தது. கையை உருவியிருக்கலாம். ஆனால் கேட்ட மாத்திரத்தில் படிகிறவன் என்ன தரகன்? மனசு அலறிக்கொண்டிருக்க, பழகிய கை பிடியை உதறி, இன்னும் ஏறி வா என்றது. இரண்டு விரல். உதறினான். மூன்று. உதறினான். ஐந்தையும் மொத்தமாகப் பிடித்தது.

நல்ல விலை.

கை அழுத்திவிட்டது.

அப்புறம்தான் உறைத்தது. சந்தையில் விற்பனைக்கு வந்தது விற்கிறவன் பக்கத்தில்தான் நிற்கும்.

"கண்ணு, ஓடு."

அவள் ஓடவில்லை. பொந்து அவன் கையை விடவில்லை.

தலையைத் தாழ்த்தி, திரும்பிப் பார்க்காமல், குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தாள். காற்றே இல்லை. அவள் ஒற்றைச் சடை மட்டும் முன்னால் நீண்டு, கயிறாக விறைத்து, இருட்டுக்குள் இழுபட்டது.