ஊதா ஓரம்

சந்தியாவின் இடது தோளில் மெல்லிய ஊதாக் கோடு ஒன்று ஓடியது. அதுவும் படத்தின் நட்டநடுவில். இருட்டும் வெளிச்சமும் முட்டிக்கொள்ளும் மூலைகளில்தான் படம் எடுக்கும் பிரேம்நாத்தின் பழைய லென்ஸ் இப்படி ஊதா கசியும். அதைக் கம்ப்யூட்டரில் துடைப்பதற்குத்தான் பட்டுக்கடைக்காரர்கள் சத்யப்ரியாவுக்குக் கூலி கொடுக்கிறார்கள். நடுவில் கசிந்து ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். எந்தப் படத்தில் என்று நினைவுக்கு வரவில்லை.

தங்கை சந்தியா கட்டியிருந்த புடவைக்கு ஊதாக் கரை. பட்டின் மினுமினுப்பு தோளில் அடிக்கிறது என்று காலையெல்லாம் சும்மா விட்டுவிட்டாள். நாள் முழுக்கப் பட்டையே பார்க்கிற கண் வேறெப்படி நினைக்கும்? மூன்று மணிக்கு மாம்பழ மஞ்சளில் சிவப்புக் கரை போட்ட புடவையின் படம் வந்தது. அதில் பேருக்குக்கூட ஊதா இல்லை. கோடு மட்டும் இருந்தது, கழுத்துக்கு இன்னும் ஓர் அங்குலம் நெருங்கி.

பயப்படக்கூட அலுப்பாக இருந்தது அவளுக்கு. கணவன் தினேஷ் போன இந்த நான்கு மாதமாய்ச் சோறும் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான். அடுத்த வீட்டுத் தறி டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது, சன்னல் வழியே கஞ்சி போட்ட பாவு நூலின் புளித்த வாடை வந்தது, மேசைக்கு மேலே காய்ந்த மாலைக்குள் அவன் வேட்டி கட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்று வந்த எண்பது படங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஊதாவை முழுக்க நீக்கினாள். நிறம் போனது. கோடு போகவில்லை, சாம்பலாக நின்றது. பெரிதாக்கிப் பார்த்தாள்.

நான்கு விரல்கள்.

போன் அடித்தது. சந்தியா.

“அக்கா, இடது தோள் திடீர்னு மரத்துப்போச்சுக்கா. நைட்டி போட்டுக்கினு ஃபேனுக்குக் கீழதான் உக்காந்துக்கினு இருக்கேன். ஆனா பட்டுப்புடவை கனம் அப்படியே தோள்ல இருக்குது.”

சத்யப்ரியா நிமிர்ந்து கணவன் படத்தைப் பார்த்தாள். கடை விளம்பரத்துக்கு எடுத்தது. அப்போது அவன் இடது தோளிலும், நட்டநடுவில், இதே ஊதாக் கோடு இருந்தது, அவள்தான் துடைத்தாள். அன்று சாயங்காலம் தோள் மரத்துப்போகிறது என்றான். தைலம் தேய்த்துவிட்டாள். மறுநாள் காலை, வாலாஜாபாத் சாலையில், பஸ்.

ஐயோ, என் கையாலேயா!

“சந்தியா, அங்கியே இருடி. எழுந்திருக்காத. போனை வெக்காத.”

“நான் எங்கக்கா போகப்போறேன்?”

செய்ததை ரத்து செய்தாள். ஊதா திரும்பி வரட்டும். வந்துவிடட்டும்.

வந்தது.

அடுத்த வீட்டுத் தறி நின்றது.

“சந்தியா?”

போனுக்குள் பட்டு சரசரத்தது. புதுப் பட்டு. யாரோ நிதானமாகக் கொசுவம் மடிக்கிறார்கள்.

திரையில் மாம்பழ மஞ்சள் புடவை நின்றுகொண்டிருந்தது. கொசுவம் கலையவில்லை. முந்தானை தொங்கியது. உள்ளே சந்தியா இல்லை. அவள் தோள் இருந்த இடத்தில் நான்கு ஊதா விரல்கள், இன்னும் இறுக்கிப் பிடித்தபடி.