ஞானசேகரம் உள்ளே இருக்கிறார்

மத்தியானச் சாப்பாடு முடிந்து தம்பிராசா கதிரையில் வந்து குந்தியபோது, ஞானசேகரத்தின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

பச்சை என்றால் ஆள் உள்ளே. சாம்பல் என்றால் ஆள் வெளியே. உட்துறைமுகக் கரையில் இருந்த அந்தக் கப்பல் ஏஜென்சிக் கந்தோரில் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். பெயரும் பாஸ்வேட்டும் போட்டுக் கொம்பியூட்டருக்குள் நுழைந்தவர் உள்ளே. வேலை முடிந்து மூடியவர் வெளியே. ஞானசேகரத்தை ஆடி மாதத்துச் சுற்றிவளைப்பில் ஆமிக்காரர் கொண்டுபோனார்கள். இப்போது மாரி தொடங்கிவிட்டது. இடையில் ஒரு நாளும் அந்தப் புள்ளி பச்சையானதில்லை.

தம்பிராசா நினைத்தது பேயை அல்ல, கள்ளனை. எவனோ பாஸ்வேட்டைக் களவெடுத்துவிட்டான். படித்தவன், படியாதவன், கழுத்துப்பட்டி கட்டினவன், சீருடை போட்டவன், ஒருவனையும் அவர் நம்புவதில்லை. நம்பாதபடியால்தான் இந்த வேலை கிடைத்தது. முந்தி அவர் கேட்டில் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்த மனுசன். கொழும்புக் கூட்டாளிக் கொம்பனி கொம்பியூட்டர்களைக் கொண்டுவந்து பூட்டியபோது, ஆர் வேலையில் இருக்கிறான், ஆர் நின்றுவிட்டான் என்று சரியாகத் தெரிந்த ஆள் இவர்தான் என்று, பெயர்களைச் சேர்க்கவும் வெட்டவும் திறப்பை இவர் கையில் கொடுத்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேட். அதைப் போட்டால் கந்தோர்க் கணக்கும் திறக்கும், கொழும்புக்காரரின் பண்டகசாலைக் கணக்கும் திறக்கும், இறங்குதுறைத் தராசுக் கொட்டிலும் திறக்கும். தம்பிராசா இங்கே அந்தப் பெயரை வெட்டினால் மூன்று கதவும் ஒன்றாய்ச் சாத்தும்.

வேலைக்கு வராத ஆட்களின் பெயர்களை வெட்டச் சொல்லிக் கொழும்பிலிருந்து எப்பவோ சொல்லிவிட்டார்கள். மற்றவர்களை வெட்டினார். ஞானசேகரத்தை வெட்டவில்லை. காரணம் இராசமலர், ஞானசேகரத்தின் பெண்சாதி. லிங்கநகரிலிருந்து நடந்து வந்து, கேட்டடியில் நின்று, அழாமல் சொன்னாள்.

"வெட்டிப்போடாதேங்கோ அண்ணை. வேலையை விட்டிட்டார் எண்டு கந்தோர் சொன்னா, இயக்கத்துக்குப் போயிட்டார் எண்டு காம்ப்பில சொல்லிப்போடுவாங்கள். பிறகு அவரை ஆரும் தேடமாட்டினம்."

பெயர் அப்படியே கிடந்தது. இப்போது அந்தப் பெயரில் எவனோ துறைமுகத்துக்குள் நுழைந்து ஏதாவது செய்தால், கதவைத் திறந்து வைத்தவன் ஆர் என்று கேட்பார்கள். அடுத்ததாக வாகனத்தில் ஏறுவது தம்பிராசா.

எந்த மெசினிலிருந்து உள்ளே வந்திருக்கிறான் என்று பார்த்தார். தராசுக் கொட்டில்.

கீழே போய் ஜவாஹிரைக் கூட்டிக்கொண்டு நடந்தார். ஜவாஹிர் கிண்ணியாக்காரர், கேட் பொறுப்பு, வாய் ஓயாத மனுசன். தராசுக் கொட்டிலில் செல் குண்டு விழுந்து கூரை போய், கரண்ட் வயரும் கழற்றியாகிவிட்டதே, அதற்குள் எந்த மடையன் இருந்து வேலை பார்ப்பான் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார்.

"உங்கட மெசினுக்கு மண்டை குழம்பிட்டு அண்ணன். ரெண்டு நாள் நோன்பு பிடிக்கச் சொல்லுங்க, சரியா வரும்."

கொட்டில் கதவில் நேவிக்காரர் போட்ட முத்திரை அப்படியே இருந்தது. கம்பி துருப்பிடித்து, முத்திரையின் ஓரத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது. பலகை இடுக்கு வழியாக மழையில் ஊறிப் புளித்த கோதுமை மாவின் மணமும், அதற்கு அடியில் தேங்கிய உப்புத் தண்ணியின் மணமும், அதற்கும் அடியில் இன்னொரு மணமும், அடிபட்ட ஆள் நெற்றியில் பூசிக்கொள்ளும் கற்பூரத் தைலம் மாதிரி ஒன்று, மெல்ல வந்துகொண்டிருந்தன. தம்பிராசா காதை வைத்தார்.

டொக்.

நீண்ட இடைவெளி.

டொக்.

ஞானசேகரம் ஒற்றை விரலால் தட்டுகிற ஆள். எழுத்தைத் தேடித் தேடி, கண்டதும் ஓங்கிக் குத்துவான். மாவு மூட்டை தூக்கின கை. எழுத்துத் தட்டை உடைக்கப்போகிறாய் என்று தம்பிராசாவே எத்தனை தரம் ஏசியிருக்கிறார்.

ஜவாஹிரும் காதை வைத்தார். கடல்தான் என்றார். ஆனால் அதற்குப் பிறகு பகிடி விடவில்லை. கிண்ணியாவுக்குப் போகும் பாதைப் படகைப் பிடிக்கவேணும் என்று நேரத்தோடு வெளிக்கிட்டார்.

பின்னேரம் கேட்டடியில் இராசமலர் நின்றாள். ஏதும் தெரிந்ததோ என்று கேட்டாள். ஒவ்வொரு கிழமையும் அதே கேள்வி, அதே குரல். தம்பிராசாவின் தலை முழுக்க அந்தப் புள்ளிதான் இருந்தது. யோசிக்காமல் வாய் சொன்னது.

"உள்ளுக்குத்தான் இருக்கிறார் எண்டு காட்டுது, தங்கச்சி."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இந்த ஊரில் உள்ளுக்கு என்றால் ஒரே ஒரு கருத்துத்தான். காம்ப்பில், அல்லது மறியலில். அடைத்து வைத்திருக்கிறார்கள். அப்படியென்றால் உயிரோடு.

அவள் முகம் மாறவில்லை. கை மட்டும் கேட் கம்பியைப் பிடித்தது.

"சாப்பாடு குடுக்க விடுவினமோ?"

அது கொம்பியூட்டர் புள்ளி, அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது, பாப்பம் என்றார். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். போகிற நடையில் ஓர் அவசரம் இருந்தது. உலை வைக்கப் போகிறவளின் அவசரம்.

அடுத்த நாள் காலை ஞானசேகரம் கேட்டறை மெசினிலிருந்து உள்ளே இருந்தான். ஜவாஹிர் அந்த அறையில்தான் இருந்தார். தான் தொடவே இல்லை என்றார். மாவு மணம் வரவில்லையா என்று தம்பிராசா கேட்டதற்கு, வருகிறது, கேட்காதீங்க என்றார்.

பத்து மணி போல் துறைமுக வாய்ப்பக்கம் பெரிதாய் ஒன்று வெடித்தது. யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்து நின்றன. பிறகு சைரன். பிறகு ஜீப்பில் ஒலிபெருக்கி, ஊரடங்கு. ஆட்கள் ஓடவில்லை, பழகிப்போன மாதிரி குடைகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். ஜவாஹிர் படியடியில் நின்று கூப்பிட்டார். தம்பிராசா வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டு மேலேயே இருந்தார்.

இன்றைக்கு வருவார்கள். வெடித்த நேரம் உள்ளே இருந்தவன் ஆர் என்று கேட்பார்கள். ஆடி மாதத்தில் கொண்டுபோன ஒருவனின் பெயர் பச்சையாய் எரியும். கொண்டுபோனவர்களே வந்து அதைப் பார்ப்பார்கள்.

வெட்டவேணும். இராசமலர் பாவம்தான். ஆனால் தனக்கும் ஓர் உயிர்தான்.

அறை இருண்டிருந்தது. வெளியே பகல், ஆனால் மழை வெளிச்சத்தைக் குடித்துவிட்டது. காலியான கந்தோரின் சத்தங்கள் ஒவ்வொன்றாய்க் கேட்டன: கூரைப் பீலியில் தண்ணி, மேசைக்கடியில் பற்றரிப் பெட்டியின் முனகல், எங்கோ ஒரு கதவு காற்றில் கொஞ்சம் திறந்து கொஞ்சம் சாத்துவது. திரையைப் பார்த்தார். ஞானசேகரம் இப்போது கீழ்மாடி மெசினில்.

கீழே ஒருவரும் இல்லை.

டொக்.

மவுஸ் அம்பை அந்தப் பெயரில் வைத்தார். வெட்டு என்று அமத்தினார். உங்கள் பாஸ்வேட்டைப் போடுங்கள் என்று கேட்டது. போட்டார்.

இப்படி ஓர் ஆள் வேலையில் இல்லை என்றது.

விரல் பிசகியிருக்கும். திரும்பப் போட்டார். மெல்ல, எழுத்தெழுத்தாய்.

இப்படி ஓர் ஆள் வேலையில் இல்லை.

பெயர்களின் வரிசையில் தன் பெயரைத் தேடினார். இருந்தது. பக்கத்தில் சாம்பல் புள்ளி.

வெளியே.

எழும்பினார். கதிரை கிரீச்சிட்டது. அல்லது கிரீச்சிடவில்லை. படி வாசல் வரை நடந்தார். கீழே சத்தம் நின்றிருந்தது. ஈர மாவின் மணம் மட்டும் படியில் ஏறி வந்தது. பிறகு கற்பூரத் தைலம்.

டொக்.

கீழே அல்ல. முதுகுக்குப் பின்னால். அவருடைய மேசையில்.

திரும்பவில்லை.

படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். சொட்டுகிற குடையோடு இராசமலர் வந்தாள். மற்றக் கையில் வாழையிலையில் கட்டின சோத்துப் பார்சல். ஊரடங்கில் எப்படி வந்தாள் என்று தெரியவில்லை.

"தங்கச்சி," என்றார்.

அவள் நிற்கவில்லை. அவர் பக்கம் பார்க்கவுமில்லை. அவர் தோளோடு உரசுகிற மாதிரிப் போனாள். உரசவில்லை.

"தங்கச்சி."

குரல் அவருக்கே கேட்கவில்லை.

மேசையில் பார்சலை வைத்தாள். நூலை அவிழ்த்தாள். இலையை விரித்து, குழம்பு வழியாமல் பிடித்து, கதிரைப் பக்கமாகத் திருப்பி வைத்தாள். ஆவி பறந்தது.

"உள்ளுக்குத்தான் இருக்கிறீங்கள் எண்டு அண்ணை சொன்னவர்," என்றாள். "சாப்பிடுங்கோ."

தட்டுகிற சத்தம் நின்றது.

தம்பிராசா திரும்பிப் பார்த்தார். திரையில் பச்சைப் புள்ளி. கதிரையில் ஒருவரும் இல்லை.

வெள்ளைச் சோற்றின் நடுவில் ஒரு குழி மெல்ல இறங்கியது. ஒற்றை விரல் அகலம்.